ஒரு செய்தி, ஓரிடம்: ரிலேஷனல் டேட்டாபேஸ் கற்கத் தொடங்குவோருக்கு

ஒரு நூலகத்தின் கடன் பதிவை எக்செல் தாளில் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு வரிசையிலும் உறுப்பினர் பெயர், அவருடைய தொலைபேசி எண், நூலின் தலைப்பு, எடுத்த நாள், திருப்பிய நாள். முதல் மாதம் சிக்கலே இருக்காது. ஆறு மாதத்தில் ஒரே உறுப்பினர் முப்பது வரிசைகளில் இருப்பார். அவர் தொலைபேசி எண்ணை மாற்றினால் முப்பது இடங்களிலும் திருத்த வேண்டும். இருபத்தெட்டைத் திருத்தி இரண்டை விட்டுவிட்டால், எது சரியான எண் என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு கோளாறும் உண்டு: இதுவரை ஒரு நூலும் எடுக்காத உறுப்பினரை அந்தத் தாளில் எழுதவே இடமில்லை. ஒரு நூலுக்கு இருந்த ஒரே கடன் வரிசையை அழித்தால், அந்த நூல் நம்மிடம் இருக்கிறது என்ற செய்தியும் சேர்ந்தே அழிந்துவிடும்.

ரிலேஷனல் டேட்டாபேஸ் தீர்க்க வந்தது இந்தச் சிக்கலைத்தான். ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுது, மற்ற இடங்களில் அதைச் சுட்டிக்காட்டு. டேபிள், பிரைமரி கீ, ஃபாரின் கீ, ஜாயின் என்று கேள்விப்படும் அத்தனையும் இந்த ஒரு கருத்திலிருந்து பிறந்தவை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பெயரைப் பற்றி ஒரு சொல். ‘ரிலேஷன்’ என்பதை ‘உறவு’ என்று மொழிபெயர்த்து, டேபிள்களுக்கு இடையிலான தொடர்புதான் அது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கணிதத்தில் ‘ரிலேஷன்’ என்பது ஒரே அமைப்பிலான மதிப்புத் தொகுதிகளின் கணம். நாம் டேபிள் என்று சொல்வதே அதைத்தான். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த மாதிரியை முன்வைத்தார். கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் 1974இல் ‘சீக்வெல்’ என்ற பெயரோடு அதே நிறுவனத்தில் உருவானது. 1986இல் அமெரிக்கத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. இன்று போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள், எஸ்க்யூலைட் ஆகிய டேட்டாபேஸ் மென்பொருள்களில் எதைக் கற்றாலும் அடிப்படை ஒன்றுதான்.

எதில் பழகுவது

எஸ்க்யூலைட்டில் தொடங்குங்கள். சர்வர் நிறுவ வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், முழு டேட்டாபேஸும் ஒரே கோப்பு. கெட்டுப்போனால் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். கட்டளைத் திரை பிடிக்காதவர்கள் ‘டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்’ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதில் செய்யும் மாற்றங்கள் ‘ரைட் சேஞ்சஸ்’ பொத்தானை அழுத்திய பிறகுதான் கோப்பில் பதிவாகும். அழுத்தாமல் மூடிவிட்டு, தரவு காணாமல் போய்விட்டது என்று தேடுவது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்வது.

கீழே கட்டளைச் சொற்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். டேபிள், நெடுவரிசைப் பெயர்களை மட்டும் இங்கே உள்ளபடி தமிழிலேயே தரலாம். எஸ்க்யூலைட், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் மூன்றும் அதை ஏற்கும். பழகும்போது இது பெரிய உதவி, எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்று பார்த்தவுடன் தெரியும்.

டேபிள்களைப் பிரிப்பது

கணினியைத் தொடுவதற்கு முன் தாளில் எழுதிப் பாருங்கள். நம் பதிவில் எத்தனை வகைப் பொருள்கள் இருக்கின்றன? உறுப்பினர் ஒன்று, நூல் ஒன்று. ‘இந்த உறுப்பினர் இந்த நூலை இந்த நாளில் எடுத்தார்’ என்ற நிகழ்வு மூன்றாவது. ஆகவே மூன்று டேபிள்கள். பிறகு ஒவ்வொரு செய்தியையும் எடுத்து, ‘இது எதைப் பற்றியது?’ என்று கேளுங்கள். தொலைபேசி எண் உறுப்பினரைப் பற்றியது, கடனைப் பற்றியது அல்ல. எனவே அது உறுப்பினர் டேபிளுக்குப் போகும். எடுத்த நாள் உறுப்பினரைப் பற்றியதும் அல்ல, நூலைப் பற்றியதும் அல்ல. அது கடனுக்கு உரியது. பாடப்புத்தகங்கள் இயல்பாக்கம் என்று முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என விரித்துச் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சலிக்காமல் கேட்பதுதான்.

கிரியேட் டேபிள் உறுப்பினர் (
எண் இன்டிஜர் பிரைமரி கீ,
பெயர் டெக்ஸ்ட் நாட் நல்,
தொலைபேசி டெக்ஸ்ட் யுனீக்
);

கிரியேட் டேபிள் நூல் (
எண் இன்டிஜர் பிரைமரி கீ,
தலைப்பு டெக்ஸ்ட் நாட் நல்,
படிகள் இன்டிஜர் நாட் நல்
);

கிரியேட் டேபிள் கடன் (
எண் இன்டிஜர் பிரைமரி கீ,
உறுப்பினர்_எண் இன்டிஜர் நாட் நல் ரெஃபரன்சஸ் உறுப்பினர்(எண்),
நூல்_எண் இன்டிஜர் நாட் நல் ரெஃபரன்சஸ் நூல்(எண்),
எடுத்த_நாள் டெக்ஸ்ட் நாட் நல்,
திருப்பிய_நாள் டெக்ஸ்ட்
);

இன்டிஜர் என்றால் முழு எண், டெக்ஸ்ட் என்றால் உரை. நாட் நல் என்றால் காலியாக விடக் கூடாது, யுனீக் என்றால் ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது. ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் அரைப்புள்ளி வேண்டும். அதை மறந்து என்டர் தட்டினால் பிழை ஏதும் வராது. திரையில் மூன்று புள்ளிகளும் ஒரு அம்புக்குறியும் தோன்றும். கட்டளை இன்னும் முடியவில்லை என்று எஸ்க்யூலைட் காத்திருக்கிறது என்று பொருள். அரைப்புள்ளி போட்டு என்டர் தட்டினால் போதும். அப்போதும் நகரவில்லை என்றால், எங்கோ ஒரு மேற்கோள்குறியைத் திறந்து மூடாமல் விட்டிருப்பீர்கள். உரை மதிப்புகளை ஒற்றை நேர் மேற்கோள்குறிக்குள் எழுத வேண்டும். வேர்டு போன்ற மென்பொருளிலிருந்து நகலெடுத்தால் வரும் வளைந்த மேற்கோள்குறிகள் இங்கே செல்லாது.

இன்னொரு நுணுக்கம்: எஸ்க்யூலைட்டில் ‘இன்டிஜர் பிரைமரி கீ’ என்று முழுதாக எழுதினால்தான் எண் தானாக வழங்கப்படும். ‘இன்ட் பிரைமரி கீ’ என்று சுருக்கினால் அந்த வசதி போய்விடும், அந்த இடம் வெற்றாகவும் இருந்துவிடலாம்.

பிரைமரி கீ என்பது ஒரு வரிசையை மற்ற எல்லா வரிசைகளிலிருந்தும் பிரித்துக் காட்டும் அடையாளம். ஒன்றுபோல் இன்னொன்று இருக்கக் கூடாது, காலியாக இருக்கக் கூடாது, மாறவும் கூடாது. பெயரை அடையாளமாக வைத்தால் ஒரே பெயரில் இருவர் வருவார்கள். தொலைபேசி எண்ணை வைத்தால் அது மாறும், மாறினால் அதைச் சுட்டும் கடன் வரிசைகள் எல்லாம் மாற வேண்டும். பொருளே இல்லாத வெறும் வரிசை எண்தான் நல்ல கீ. பொருள் இல்லாததால்தான் அதை மாற்ற வேண்டிய தேவையும் வருவதில்லை.

தொலைபேசி எண்ணுக்கு ஏன் டெக்ஸ்ட்? அதைக் கூட்டுவதோ கழிப்பதோ இல்லை. இன்டிஜர் ஆக்கினால் முன்னால் வரும் பூஜ்யம் தொலைந்துவிடும். பணத்தொகைக்கு இதற்கு நேர்மாறான எச்சரிக்கை: தசமத்தைத் தோராயமாகச் சேமிக்கும் மிதவைப் புள்ளி எண்ணாக வைக்காதீர்கள். அந்த முறையில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டிலும் தசமத்தைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் வகை இருக்கிறது. எஸ்க்யூலைட்டில் தொகையை அதன் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள்.

நாளை எப்போதும் 2025-03-09 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். எஸ்க்யூலைட்டில் நாளுக்கென்று தனி வகை கிடையாது, உரையாகத்தான் சேமிக்கிறோம். 09-03-2025 என்று எழுதினால், வரிசைப்படுத்தும்போது எல்லா மாதங்களின் முதல் தேதிகளும் முதலில் வந்து நிற்கும். ஒன்பதுக்கு முன் பூஜ்யத்தை விட்டுவிட்டாலும் வரிசை குலையும்.

எஸ்க்யூலைட் வகைகளில் தாராளமாக நடந்துகொள்ளும். இன்டிஜர் நெடுவரிசையில் ‘பத்து’ என்று எழுதினாலும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்ளும். 3.37 பதிப்பிலிருந்து, கிரியேட் டேபிளின் கடைசி அடைப்புக்குறிக்குப் பின் ‘ஸ்ட்ரிக்ட்’ என்று சேர்த்தால் அது மறுக்கத் தொடங்கும். கற்பவர்களுக்கு மறுக்கும் டேட்டாபேஸ்தான் நல்லது.

சுட்டுவதும் காப்பதும்

கடன் டேபிளில் உறுப்பினரின் பெயர் இல்லை, எண் மட்டுமே இருக்கிறது. அந்த எண் உறுப்பினர் டேபிளில் உண்மையிலேயே இருக்கும் ஒரு வரிசையைச் சுட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடுதான் ஃபாரின் கீ. ‘ரெஃபரன்சஸ்’ என்ற சொல் அதைச் செய்கிறது. இல்லாத 99ஆம் உறுப்பினருக்குக் கடன் எழுத முயன்றால் கட்டளை தோற்கும். கடன் பதிவு உள்ள உறுப்பினரை அழிக்க முயன்றாலும் தோற்கும்.

இங்கே பலரும் சறுக்குகிறார்கள். எஸ்க்யூலைட்டில் இந்தக் காவல் இயல்பாக அணைக்கப்பட்டே இருக்கும். ஒவ்வொரு முறை டேட்டாபேஸைத் திறந்ததும் ‘பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்;’ என்று தர வேண்டும். இந்த அமைப்பு கோப்பில் சேமிக்கப்படுவதில்லை, அந்த இணைப்புக்கு மட்டும்தான். நேற்று போட்டோமே என்று விட்டால், இல்லாத உறுப்பினரையோ நூலையோ சுட்டும் அநாதை வரிசைகள் இன்று நுழைந்துவிடும். ‘பிராக்மா ஃபாரின்_கீ_செக்;’ தந்தால், ஏற்கெனவே நுழைந்துவிட்டவற்றைப் பட்டியலிடும்.

ஒரு நூலுக்கு இரண்டு ஆசிரியர்கள் இருந்தால்? ஆசிரியர்1, ஆசிரியர்2 என்று நெடுவரிசைகளைக் கூட்டாதீர்கள், மூன்றாமவர் வருவார். ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு இரு பெயர்களை எழுதவும் வேண்டாம், பிறகு ஒருவரை மட்டும் தேடுவது துன்பம். ஆசிரியர் என்று தனி டேபிள், நூல்_ஆசிரியர் என்று ஓர் இணைப்பு டேபிள். இணைப்பு டேபிளில் இரண்டே நெடுவரிசைகள்: நூல்_எண், ஆசிரியர்_எண். இரண்டும் சேர்ந்ததே அதன் பிரைமரி கீ. கவனித்தால், நம் கடன் டேபிளும் உறுப்பினரையும் நூலையும் இணைக்கும் இணைப்பு டேபிள்தான். நாள்கள் கூடுதலாக இருக்கின்றன, அவ்வளவே. ஒரே உறுப்பினர் அதே நூலை மறுபடி எடுக்கலாம் என்பதால் அதற்குத் தனி எண் தேவைப்பட்டது.

நூல் டேபிளில் ‘கையிருப்பில் உள்ள படிகள்’ என்று இன்னொரு நெடுவரிசை வைக்கத் தோன்றும். வேண்டாம். மொத்தப் படிகளிலிருந்து திரும்பாத கடன்களைக் கழித்தால் அது கிடைத்துவிடும். கணக்கிட்டு அறியக்கூடியதைச் சேமித்தால் ஒரே செய்தி இரண்டு இடத்தில் இருக்கிறது, எக்செல் தாளின் பழைய நோய் திரும்பிவிட்டது.

கேட்டுப் பெறுவது

தரவை நுழைக்க:

இன்சர்ட் இன்டூ உறுப்பினர் (பெயர், தொலைபேசி) வேல்யூஸ் ('கயல்விழி', '0101');

நெடுவரிசைப் பெயர்களை விடாமல் எழுதுங்கள். அவற்றை எழுதாமல் மதிப்புகளை மட்டும் தரவும் மொழி இடம் கொடுக்கிறது. ஆனால் நாளை டேபிளில் ஒரு நெடுவரிசை கூடினால் அந்தக் கட்டளை உடையும். இதே முறையில் நாலைந்து உறுப்பினர்கள், நாலைந்து நூல்கள், பத்துக் கடன்கள் நுழைத்துக்கொள்ளுங்கள். ஓர் உறுப்பினருக்கு மட்டும் கடனே இருக்க வேண்டாம், ஏன் என்பது சற்று நேரத்தில் தெரியும்.

இன்னும் திரும்பாத நூல்கள் யாரிடம் இருக்கின்றன?

செலக்ட் உறுப்பினர்.பெயர், நூல்.தலைப்பு, கடன்.எடுத்த_நாள்
ஃப்ரம் கடன்
ஜாயின் உறுப்பினர் ஆன் உறுப்பினர்.எண் = கடன்.உறுப்பினர்_எண்
ஜாயின் நூல் ஆன் நூல்.எண் = கடன்.நூல்_எண்
வேர் கடன்.திருப்பிய_நாள் இஸ் நல்
ஆர்டர் பை கடன்.எடுத்த_நாள்;

எழுதுவது செலக்ட்டில் தொடங்கினாலும் படிக்க வேண்டியது ஃப்ரம்மிலிருந்து. எந்த டேபிள், எதனோடு இணைகிறது, எந்த வரிசைகள் தங்குகின்றன, அவற்றில் எந்த நெடுவரிசைகளைக் காட்டுவது, எந்த வரிசையில் அடுக்குவது. ஆர்டர் பை தராவிட்டால் விடை எந்த ஒழுங்கில் வரும் என்பதற்கு உறுதி கிடையாது. இத்தனை நாள் எண் வரிசையில் வந்தது என்பதை நம்ப வேண்டாம்.

எஸ்க்யூலைட்டில் ஜாயினின் ‘ஆன்’ நிபந்தனையை மறந்தால், ஒரு டேபிளின் ஒவ்வொரு வரிசையும் மற்றதன் ஒவ்வொரு வரிசையோடும் சேரும். ஆயிரம் உறுப்பினர், ஆயிரம் கடன் என்றால் பத்து லட்சம் வரிசைகள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக விடை வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

திருப்பிய_நாள் எழுதப்படாத கட்டத்தில் இருப்பது ‘நல்’ எனும் வெற்று மதிப்பு. பூஜ்யமும் அல்ல, காலி உரையும் அல்ல. ‘தெரியாது’ என்பதே அதன் பொருள். தெரியாத ஒன்று இன்னொன்றுக்குச் சமமா என்று கேட்டால் விடையும் ‘தெரியாது’ என்றே வரும். அதனால் ‘= நல்’ என்று எழுதினால் ஒரு வரிசையும் கிடைக்காது, பிழைச் செய்தியும் வராது. ‘இஸ் நல்’ என்றே எழுத வேண்டும். இன்னொரு பொறி ‘நாட் இன்’: அடைப்புக்குறிக்குள் வரும் பட்டியலில் ஒரே ஒரு வெற்று மதிப்பு இருந்தாலும் முழு விடையும் காலியாகிவிடும்.

ஒவ்வோர் உறுப்பினரும் எத்தனை முறை நூல் எடுத்தார் என்று எண்ணும்போது சாதாரண ஜாயின், கடனே இல்லாத உறுப்பினரை விட்டுவிடும். லெஃப்ட் ஜாயின் இடப்பக்க டேபிளின் எல்லா வரிசைகளையும் வைத்துக்கொண்டு, இணை கிடைக்காத இடத்தில் வெற்று மதிப்பை நிரப்பும்.

செலக்ட் உறுப்பினர்.எண், உறுப்பினர்.பெயர், கவுன்ட்(கடன்.எண்)
ஃப்ரம் உறுப்பினர்
லெஃப்ட் ஜாயின் கடன் ஆன் கடன்.உறுப்பினர்_எண் = உறுப்பினர்.எண்
குரூப் பை உறுப்பினர்.எண், உறுப்பினர்.பெயர்;

குரூப் பை ஒவ்வோர் உறுப்பினரின் வரிசைகளையும் ஒரு தொகுதியாகச் சேர்க்கும், கவுன்ட் அந்தத் தொகுதியில் உள்ளவற்றை எண்ணும். இதில் கவுன்ட்(*) என்று எழுதினால் கடனே இல்லாதவருக்கும் 1 என்று காட்டும், ஏனென்றால் அவருக்கும் ஒரு வரிசை இருக்கிறது. கவுன்ட்(கடன்.எண்) வெற்று மதிப்புகளை எண்ணாது, ஆகவே 0 வரும். இனி இந்த ஆண்டுக் கடன்களை மட்டும் எண்ண நினைத்து, எடுத்த_நாள் நிபந்தனையை வேர் பகுதியில் எழுதினால் கடனில்லாதவர்கள் மறுபடி மறைந்துவிடுவார்கள். அந்த நிபந்தனை ‘ஆன்’ பகுதியில் இருக்க வேண்டும். லெஃப்ட் ஜாயின் புரிந்துவிட்டதா என்று சோதிக்க இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. இரண்டு விதமாகவும் எழுதி விடைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாற்றுவதும் அழிப்பதும்

அப்டேட், டிலீட் இரண்டிலும் வேர் நிபந்தனையை விட்டால் டேபிள் முழுவதும் மாறும் அல்லது அழியும். ‘உறுதியா?’ என்று எஸ்க்யூலைட் கேட்காது. எனவே ஒரு பழக்கம்: அதே வேர் நிபந்தனையோடு முதலில் செலக்ட் ஓட்டி எத்தனை வரிசை வருகிறது என்று பாருங்கள். பிறகு ‘பிகின்;’ என்று தொடங்கி மாற்றத்தைச் செய்யுங்கள். ‘செலக்ட் சேஞ்சஸ்();’ கடைசிக் கட்டளையில் எத்தனை வரிசை மாறின என்று சொல்லும். எண்ணிக்கை ஒத்துப்போனால் ‘கமிட்;’, இல்லையென்றால் ‘ரோல்பேக்;’.

பிகினுக்கும் கமிட்டுக்கும் இடைப்பட்டதுதான் டிரான்சாக்ஷன். அது முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது. ஒரே ஆள் 7, 19 என்று இருமுறை உறுப்பினராகப் பதிவாகிவிட்டார் என்று வையுங்கள்:

பிகின்;
அப்டேட் கடன் செட் உறுப்பினர்_எண் = 7 வேர் உறுப்பினர்_எண் = 19;
டிலீட் ஃப்ரம் உறுப்பினர் வேர் எண் = 19;
கமிட்;

இந்த இரண்டு கட்டளைகளையும் முன்பின்னாக மாற்றி முதலில் டிலீட் தந்தால் ஃபாரின் கீ தடுத்துவிடும். நடுவில் மின்சாரம் போனாலும் பாதி மாறிய நிலையில் டேட்டாபேஸ் நிற்காது, திறக்கும்போது பழைய நிலைக்கே திரும்பியிருக்கும். மைஎஸ்க்யூஎல்லுக்குப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்கே டிரான்சாக்ஷன் நடுவே கிரியேட் டேபிள், டிராப் டேபிள் போன்றவற்றைத் தந்தால் அதுவரை செய்தது தானாகவே கமிட் ஆகிவிடும்.

தமிழ் உரையைச் சேமிக்கும்போது

தமிழில் தரவு வைப்பவர்கள் தெரிந்தே ஆக வேண்டியவை சில. ‘தமிழ்’ என்பதை மூன்று எழுத்தாக எண்ணுகிறோம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு தரத்தில் அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். அதைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். உரையின் நீளத்தைக் கேட்டால், எஸ்க்யூலைட்டின் லெங்த் 5 என்று சொல்லும், மைஎஸ்க்யூஎல்லின் லெங்த் 15 என்று சொல்லும். நெடுவரிசைக்கு நீள வரம்பு வைக்கும்போது இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

‘பொ’ என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. டேட்டாபேஸுக்கு வேறு வேறு. அதனால் யுனீக் கட்டுப்பாட்டைத் தாண்டி ஒரே பெயர் இருமுறை நுழையும், தேடினால் பாதிதான் கிடைக்கும். நுழைப்பதற்கு முன், நிரலில் உரையை என்எஃப்சி எனும் இயல்பாக்க வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும்.

அகரவரிசையும் தானாக வராது. எஸ்க்யூலைட் குறியீட்டு எண்ணின்படி அடுக்குவதால் னகரம் நகரத்துக்கு அடுத்து வந்து நிற்கும், றகரம் ரகரத்துக்கு அடுத்து. புள்ளி வைத்த மெய்யும் உயிர்மெய்களுக்குப் பின்னால் போய்விடும். போஸ்ட்கிரெஸில், ஐசியு எனும் யூனிகோடு மென்பொருள் தொகுப்பு தரும் தமிழ் அடுக்குமுறையை ஆர்டர் பையோடு குறிப்பிடலாம்.

இண்டெக்ஸ், நகல்

பத்து லட்சம் வரிசைகளில் ஒன்றைத் தேட ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்குப் பதில், அடுக்கி வைத்த பட்டியலைப் பாதி பாதியாக மடித்துத் தேடினால் இருபது ஒப்பீடுகளில் கிடைத்துவிடும். இண்டெக்ஸ் ஏறக்குறைய அதுதான். பிரைமரி கீக்கும் யுனீக்குக்கும் தேட வழி ஏற்கெனவே இருக்கிறது. ஃபாரின் கீ நெடுவரிசைகளுக்கு எஸ்க்யூலைட்டும் போஸ்ட்கிரெஸும் தாமாக உருவாக்காது, நாம்தான் உருவாக்க வேண்டும்:

கிரியேட் இண்டெக்ஸ் கடன்_உறுப்பினர் ஆன் கடன்(உறுப்பினர்_எண்);

எல்லா நெடுவரிசைக்கும் போட்டுவிடலாமே என்றால், ஒவ்வொரு இன்சர்ட்டிலும் அத்தனை இண்டெக்ஸையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும், எழுதும் வேகம் குறையும். கேள்விக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெயின் க்வெரி பிளான்’ என்று சேர்த்து ஓட்டுங்கள். விடையில் ‘ஸ்கேன்’ என்று வந்தால் முழுதாகப் படிக்கிறது, ‘சர்ச்’ என்று வந்தால் இண்டெக்ஸ் அல்லது கீ வழியாகப் போகிறது.

பயன்பாட்டில் இருக்கும் எஸ்க்யூலைட் கோப்பைச் சாதாரணமாக நகலெடுக்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுத்த நகல் சிதைந்திருக்கலாம். ‘வேக்கும் இன்டூ’ என்று எழுதி, ஒற்றை மேற்கோள்குறிக்குள் புதிய கோப்பின் பெயரைத் தந்தால் முழுமையான நகல் கிடைக்கும். அந்தக் கோப்பைத் தனியே திறந்து ‘பிராக்மா இன்டெக்ரிட்டி_செக்;’ தாருங்கள். ‘ஓகே’ என்று வந்த பிறகு, கடன் டேபிளின் வரிசை எண்ணிக்கை மூலக் கோப்பில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.